கொண்டி விமானம்

நிலத்துக்கு வேலி எல்லா ஊரிலும் உண்டு, வானத்துக்கு வேலி போட்ட ஊர் எங்கள் மணக்காட்டுவலசை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள், கம்பி எங்கே, கல் எங்கே என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலியைத்தான் ஆடும் மாடும் தாண்டும், இதை எதுவும் தாண்டாது என்று நாங்களும் ரொம்ப காலம் நம்பிக்கொண்டுதான் இருந்தோம்.

பட்டாளம் வந்து ஊருக்குக் கிழக்கே கிடந்த நிலத்தையெல்லாம் பீரங்கி சுட்டுப் பழகுவதற்கென்று எடுத்துக்கொண்ட வருசத்தில் முதலில் முள்கம்பி வந்தது, அப்புறம் மண்டையோடு வரைந்த பலகை வந்தது, அப்புறம் ஒரு நாள் ஜீப்பில் குழாய் ரேடியோவைக் கட்டிக்கொண்டு வந்து, நிலம் மட்டுமில்லை, நிலத்துக்கு மேலே இருக்கிற வானமும் அதோடு சேர்த்திதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றோடு ஆடிக் காற்றில் பட்டம் விடுவது நின்றது, கோயில் கொடைக்கு வாணம் விடுவது நின்றது, கல்யாண வீட்டில் பலூனைக் கட்டுவதற்குக்கூட நூலை இரட்டையாகப் போட்டு முடிந்தோம். கொக்கும் காக்காயும் மட்டும் போய் வந்தன. அதுகளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று விட்டுவிட்டார்கள் போல.

கம்பிக்கு உள்ளே போன நிலத்தில் முதல் நிலம் இருளாயியுடையது. அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும், கையை நீட்டினால் தொடலாம் போல இருக்கும், ஆனால் நடுவில் கம்பி. கம்பி போட்டதற்கு அடுத்த வருசமோ அதற்கு அடுத்த வருசமோ, அவள் புருசன் மலைராசு கம்பி ஓட்டைக்குள் நுழைந்த வெள்ளாட்டைத் திருப்பப் போனான். போனவன் மண்ணுக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டை மிதித்தான். ஆடு திரும்பி வந்தது. அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அப்போதிருந்த அதிகாரி ஊர் நடுவில் நின்று, அத்துமீறி உள்ளே போனது அவருடைய தவறு என்று சொன்னார். குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார். இருளாயி அழுதுகொண்டிருந்தவள் அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகையை நிறுத்தினாள், அப்புறம் அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

இனி கொண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் பக்கத்தில் அடுத்தவன் வெள்ளாமையில் இறங்கி மேய்கிற மாட்டுக்குக் கொண்டி மாடு என்று பேர். நிலத்துக்காரன் பார்த்துவிட்டால் ‘நில்லு’ என்று ஒரு சத்தம் போடுவான். போட்டுவிட்டால் அது பிடிபட்ட மாடு, கொண்டித் தொழுவில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியது. தொழுவில் கட்டின மாட்டை அடிக்கக் கூடாது, அதற்குத் தண்ணி காட்டாமல் ஊரில் ஒருத்தரும் கஞ்சி குடிக்கக் கூடாது, அது நிற்கிற வரைக்கும் ஊரைக் காலி பண்ணிவிட்டு எல்லாரும் எங்கேயும் போகக் கூடாது. அதை யார் வேண்டுமானாலும் அவிழ்த்துவிடவும் முடியாது. நில்லு என்று சொன்ன வாய்தான் போ என்று சொல்ல வேண்டும், சொல்லும்போது அதன் பின்தொடையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய கைக்கு அதற்குமேல் மாட்டின் மீது வழக்குக் கிடையாது.

அந்த ஆடி மாதத்தில், மேல்காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், இருளாயி கம்பி ஓரமாகக் கருவேலஞ் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே டடடடவென்று சத்தம் கேட்டது. பட்டாளத்துச் சத்தமில்லை, அதெல்லாம் எங்களுக்குப் பாடம். இது மோட்டார் பம்பு இருமுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அண்ணாந்து பார்த்தால், நாலு பனை உயரத்தில், வெள்ளையும் சிவப்புமாக ஒரு குட்டி விமானம் புழுதிக்குள்ளிருந்து வந்து வேலியைத் தாண்டி அவளுடைய நிலத்துக்கு மேலே இறங்குகிறது. பார்த்தவளுக்கு என்ன தோன்றியதோ, எத்தனை வருசக் கோபமோ, அரிவாளை ஓங்கிக்கொண்டு, “எவன்டா அது எங் காட்டுக்குள்ள? நில்லு!” என்று கத்தினாள்.

அது நின்றது.

விழவில்லை, நகரவில்லை, நின்றது. சத்தமும் நின்றது. மூக்கில் இருந்த விசிறி மட்டும் காற்றுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே கம்பி ஓரம் கூடியது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், அப்புறம் இருளாயியைப் பார்த்தார்கள்.

“என்னத்தா, நில்லுன்னியா?” என்றார் கோட்டைச்சாமி. தொழுவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

“ஆமா.”

“சரி, அப்பக் கொண்டிதான்,” என்று சொல்லிவிட்டு அவர் தண்ணிக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கப் போய்விட்டார்.

காற்று கொஞ்சம் அடங்கின சாயங்காலம் மேலே இருந்து கதவு திறந்தது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. ஐம்பத்தைந்து வயசிருக்கும், நல்ல வயிறு, கண்ணாடி.

“ஏனுங்க, இது எந்த ஊருங்க?”

எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி, அப்பு என்று கூப்பிடுகிறதுதான் உண்டு, ஒரு வார்த்தைக்கு ரெண்டு ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஆள் வானத்தில் நின்று பேசினதும் பொம்பளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோட்டைச்சாமி ஊர் பேரைச் சொன்னார்.

“மதுரை இல்லீங்களா?”

“மதுரை அங்கிட்டு இருக்கு, நீங்க இங்கிட்டு வந்துட்டீக!”

அவர் பேர் பொன்னுரங்கம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறார். பொழுதுபோகாத மனுசர் சீட்டாடுவார், இவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். மதுரை வரைக்கும் போய்த் திரும்பலாமென்று ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், புழுதியில் தண்டவாளம் ரெண்டாகப் பிரிந்ததைக் கவனிக்காமல் தப்புத் தண்டவாளத்தைப் பிடித்துவிட்டார். தப்பு என்று தெரிந்தபோது தூரத்தில் கடல் கோடு போல மின்னியிருக்கிறது. இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பட்டாளம் ஓடி வந்தது. இப்போது அங்கே இருக்கிற சுபேதார் ஞானதாசன் நாகர்கோவில்காரர், நல்ல மனுசர், கொடைக்குப் பாயசம் வாங்கிக் குடிப்பார். அவர் மேலே பார்த்து, “யாருங்க நீங்க? இது தடை செய்யப்பட்ட எடம்னு தெரியாதா?” என்றார்.

“தெரியாதுங்க. இப்பத்தானுங்க தெரியுது.”

“உடனே வெளிய போணும்.”

“போறதுக்குத்தானுங்க நானும் பாக்குறேன்.”

சுபேதார் மேலிடத்துக்குப் பேசினார். மேலிடம் அதற்கு மேலிடத்துக்குப் பேசியது. ஹெலிகாப்டர் ஒன்று வந்தது, ஆனால் அதன் காற்றுக்கு விமானம் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பிக்கவும், பொன்னுரங்கம் “வேண்டாமுங், வேண்டாமுங்” என்று கும்பிடவும், அதுவும் திரும்பிப் போய்விட்டது. அந்த வானம் யாருடையது என்று மேலே கேட்டால், தரைப் பட்டாளம் அது ஆகாயப் பட்டாளத்துடையது என்றது, ஆகாயப் பட்டாளம் கடல் பக்கம் இருப்பதால் கடற்படையுடையது என்றது, கடற்படை தரைக்கு மேலே நிற்பதால் தரையுடையது என்றது. எங்களுக்கு அது ஒன்றும் புதுசில்லை, சர்க்கார் விசயம் அப்படித்தான் நடக்கும்.

எங்களுக்கு முதல் காரியம் தண்ணி காட்டுவது. கோட்டைச்சாமி தன் வீட்டுப் பரணில் ஏறி, எத்தனையோ ஆடிக்கு முன்னால் சுருட்டி வைத்த பட்டத்தை எடுத்துத் தூசி தட்டினார். ஆள் உயரப் பட்டம். அதைக் கையில் தூக்கிக்கொண்டு கம்பி ஓரம் வந்து சுபேதார் முன்னால் நின்றார். சுபேதார் பட்டத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு தூரத்தில் ஏதோ பனைமரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்காற்று பட்டத்தை வேலிக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. பொன்னுரங்கம் நூலைப் பிடித்தார். நூலில் வலைக்கயிறு போயிற்று, வலைக்கயிற்றின் இந்தப் பக்கத்து நுனியைக் கோட்டைச்சாமி தொழுவில் கொண்டுபோய், மாடு கட்டுகிற கல்தூணில், மாட்டுக்குப் போடுகிற முடிச்சாகவே போட்டார். அப்புறம் தூக்குவாளி போய் வந்துகொண்டிருந்தது. ஆள் இறங்குகிற கயிறில்லை அது, அப்படி இருந்திருந்தாலும் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்குகிறவருமில்லை.

கஞ்சிக்கு முறை வைத்தோம். முதல் நாள் ஒரு வீடு கருவாட்டுக் குழம்பு அனுப்பியது. “இருக்கட்டுங்க, எனக்கு இந்த வாடை ஆகாதுங்க” என்று குழம்பைத் திருப்பி அனுப்பினார். கூழும் பதநீரும் மட்டும் எடுத்துக்கொண்டார். ரெண்டு மூணு நாள் கழித்து மேலே இருந்து குரல் வந்தது: “ஏனுங்க, அன்னைக்கு அனுப்புனீங்களே, அந்த வாடை புடிச்ச சாமான், அது இருக்குதுங்களா?” அன்றைக்கு ஊரே கெக்கலி கொட்டிச் சிரித்தது.

மனுசர் எதற்கும் பழகிக்கொள்வார்கள். காலையில் கிழக்கே சூரியன் எழும்பும்போது விமானத்தின் நிழல் வேலியைத் தாண்டி நீளமாக ஊருக்குள் வந்து விழும், பொழுது ஏற ஏறப் பின்வாங்கிக்கொண்டே போய் உச்சியில் இருளாயி நிலத்தில் சுருண்டு படுக்கும். நாங்கள் அந்த நிழலைப் பார்த்து அடுப்பு மூட்டினோம், நிழல் கம்பியைத் தாண்டியதும் கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்குகிற மூட்டத்துக்குப் போனோம். கோழிகள்தான் பாவம், பெரிய பருந்து என்று நினைத்துப் பஞ்சாரத்தை விட்டு வெளியே வரவில்லை, முட்டையும் இடவில்லை. நேர்ந்துகொண்டு தூணில் மஞ்சள் துணி கட்டினவர்களும் உண்டு. டவுனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இளநீர் விற்றோம், அவர்கள் போனதும் எங்கள் விமானத்தைப் பற்றி அவர்கள் கேட்ட முட்டாள் கேள்விகளைச் சொல்லிச் சிரித்தோம். ஆமாம், எங்கள் விமானம் என்றுதான் சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

இருளாயி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் முறை வந்தபோது கூழ் ஊற்றிக் கொடுத்தாள், தொழுவில் நிற்கிற உயிருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அவிழ்க்கிற பேச்சை எடுத்தால் முகம் கல்லாகிவிடும்.

தண்ணிக் குழாயடியில் பொம்பளைகள் கேட்டுப் பார்த்தார்கள். “ஏத்தா இருளாயி, போன்னு ஒரு வார்த்த. வாயில முத்தா உதுந்துரும்?”

“எங் காட்டுல எறங்குன மாடு. நான் நெனச்சாத்தான் அவுக்கணும்.”

“அது எங்க மேஞ்சுச்சு? பறந்துல்ல வந்துச்சு.”

“எனக்கு அதெல்லாந் தெரியாது மதினி. வேலிக்குள்ள போனா அத்துமீறல்னாக. எங்க ஆளு ஆட்டுக்குப் பின்னால போச்சு, அதுக்கு மண்ணள்ளிப் போட்டாச்சு. இவுக கடல் பாக்கப் போனாகளாம், இவுகளுக்கு மட்டும் வழி தவறலா? நிக்கட்டும்.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பொன்னுரங்கத்தின் பொஞ்சாதி சரோசா காரில் வந்து இறங்கினாள். நேரே கம்பியோரம் போய் அண்ணாந்து பார்த்தாள். அழுவாளோ மயங்குவாளோ என்று நாங்கள் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றால், அவள், “ஏனுங், சக்கர மாத்திரை இருக்குதுங்களா?” என்றாள்.

“தீந்து போச்சு சரோசா!”

“எனக்குத் தெரியுமுங்க” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தூக்குவாளியில் போட்டாள். மேலே இருந்து அவர், “மோட்டார் ரூமப் பூட்டுனியா?” என்று கேட்டார். அப்புறம்தான் அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

கம்பிக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று பார்த்தாள், இருளாயி வீடு இருந்தது, அங்கே போய்த் தண்ணி கேட்டாள். யார் வீடு என்று எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. இருளாயியும் சொல்லவில்லை. செம்பைக் கொடுத்தாள், பாயை விரித்தாள், அவ்வளவுதான். சரோசா அங்கேயே தங்கிவிட்டாள்.

காலையில் நிழல் முதலில் வந்து விழுவது இருளாயி வாசலில்தான். சரோசா எழுந்து முகம் கழுவிவிட்டு, விமானத்தின் நிழலில் எந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தில் போய் நிற்பாள். நிழல் நகர நகர அவளும் நகர்வாள், வாசலைத் தாண்டி, சாம்பல் மேட்டைத் தாண்டி, கம்பி வரைக்கும் போவாள், கம்பிக்கு உள்ளே நிழல் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள். இருளாயி வாசல் கூட்டுகிறவள், சரோசா நிற்கிற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கூட்டுவாள்.

குழாயடியில் யாரோ சரோசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், நில்லு என்றதையும் சொன்னார்கள், மலைராசுவையும் சொன்னார்கள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருளாயி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“ஏனுங்கக்கா, நீங்கதான் நிக்கச் சொன்னீங்களாமா?”

“ஆமா. நாந்தான்.”

“நானும் முப்பது வருசமாச் சொல்றனுங்க. நில்லுங்க, போகாதீங்க, வயசாச்சு, சொன்னாக் கேளுங்கன்னு. என்ற பேச்சுக்கு ஒரு நாளும் நின்னதில்லீங்க அந்த மனுசன். உங்க ஒத்த வார்த்தைக்கு நின்னுட்டாரு பாருங்க.”

இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள், அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள், அவ்வளவு நாளாகிவிட்டது அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு.

சிரித்து முடித்ததும் சரோசா சொன்னாள்: “அவுத்து உடுங்கன்னு நான் கேக்க மாட்டனுங்கக்கா. எனக்கு நிக்கறதுக்கு ஒரு நெழலாச்சும் இருக்குது. உங்களுக்கு அதுகூட உடலீங்களே.”

இருளாயி அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் சுபேதார் வேர்த்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். வெள்ளிக்கிழமை சூடு என்றார். சூடு என்றால் பீரங்கி சுடுகிற நாள். அன்றைக்குச் சிவப்புக் கொடி ஏறும், சுடுவதற்கு முன்னால் மூணு தரம் சங்கு ஊதும், நாங்கள் ஆடு மாட்டைப் பத்திக்கொண்டு மேற்கே கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

“மேல ஆளு இருக்காரேய்யா!” என்றார் கோட்டைச்சாமி.

“சொன்னேன் ஓய், சொல்லாம இருப்பேனா? சூட்டுக்கு நாள் குறிக்கது வேற ஆபீசு. அவங்க கணக்குல அந்த வானத்துல ஒண்ணும் கெடையாது. அங்க ஒண்ணும் நிக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு, அதனால ஒண்ணும் நிக்கலன்னு சொல்லுகான். நான் கண்ணால பாத்தேன்னு சொன்னா, லீவு போட்டுட்டு ஊருக்குப் போன்னு சொல்லுகான்.”

“அப்ப நாங்களும் போகல. தொழுவுல உயிரு நிக்கையில ஊரு காலியாகக் கூடாது.”

“எனக்க தொழிலுக்கு உலை வச்சிராதீங்க!”

“உங்க தொழில விடுங்க. குண்ட விடுறதுன்னா எங்களையும் சேத்து விடச் சொல்லுங்க.”

சுபேதார் தலையில் கையை வைத்துக்கொண்டு தொழுக் கல்லில் உட்கார்ந்தார். அவருக்கும் மோர் கொடுத்தோம்.

வியாழக்கிழமை காலை காற்று அசையவில்லை. அந்த மாதிரி நேரத்தில் மேலே பேசுவது பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். வெள்ளிக்கிழமை சேதியை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சரோசா நிழலில் நின்றுகொண்டு, சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல், “பகல் முச்சூடும் என்னத்தப் பாத்துட்டுங்க உக்காந்திருப்பீங்க?” என்று கேட்டாள்.

“கடலு தெரியுது, அதப் பாப்பேன். சலிச்சுப் போச்சுன்னா கீழ ஒரு செருப்புக் கெடக்குது, அதப் பாப்பேன்.”

“செருப்புங்களா?”

“ஒத்தச் செருப்பு. டயர்ச் செருப்பு. சக்கரவள்ளிக் கெழங்குக் கொடியாட்டம் ஏதோ அது மேல படர்ந்து கெடக்குது. யார் போட்டதோ பாவம், எனக்குத் தொணைக்கு அதுதான் கெடக்குது.”

இருளாயியின் கையில் விளக்குமாறு நின்றது. மலைராசு ஒரு காலில் செருப்போடுதான் துணிக்குள் வந்தான். இன்னொன்று எங்கே என்று அவள் கேட்டதற்கு, யாரும் உள்ளே போய்த் தேட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நில்லு என்று கத்திய நாளுக்கு அப்புறம் அவள் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தாள்.

“எந்தப் பக்கம் பாத்துக் கெடக்கு?”

“யாருங்க அது?”

“செருப்பு எந்தப் பக்கம் பாத்துக் கெடக்குன்னு கேக்குறேன்!”

வழுக்கைத் தலை எட்டிக் குனிந்து கீழே பார்த்தது. “கெழக்கப் பாத்துங்க. உள்ள போற மாதிரியேதானுங்க கெடக்குது.”

இருளாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் கரி மூட்டத்துக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சிவப்புக் கொடி ஏறியது. முற்பகலில் சங்கு ஊதியது. ஊர் தொழுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது, மாடு கன்று உட்பட. மேலே பொன்னுரங்கம் கொடியைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு ஏதாவது கோயில் நோம்பிங்களா?” என்று கேட்டார். சரோசாதான், “ஆமாங்க, நோம்பிதானுங்க” என்றாள்.

அப்போது இருளாயி வந்தாள். துவைத்த சேலை கட்டியிருந்தாள். நேரே கம்பிக் கதவண்டை நின்றிருந்த சுபேதாரிடம் போனாள்.

“கதவத் தெறங்க. நான் உள்ள போகணும்.”

“எம்மா, அதுக்கு எனக்கு அதிகாரம் கெடையாது. இங்கன நின்னே சொல்லுங்க, போன்னு.”

“மாட்ட எட்டி நின்னு விடக் கூடாது. தட்டி விடணும்.”

“அது வானத்துல நிக்கி, நீங்க எப்பிடித் தட்டுவீங்க?”

“அது ஏம்பாடு.” அவள் பலகையைக் காட்டினாள். மண்டையோட்டுக்குக் கீழே எழுத்து வெளுத்துப் போயிருந்தது. “இதுல என்ன எழுதியிருக்கு?”

“அத்துமீறி நுழையக் கூடாதுன்னு.”

“எங்க வீட்டுக்காரரு அத்துமீறியா போனாரு?”

சுபேதார் பலகையைப் பார்த்தார். அன்றைக்கு நான் இங்கே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம், அதுவும் நிசம்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இல்லம்மா,” என்றார். “ஆட்டுக்குப் பொறத்தால போனாரு. வழி தெரியாமப் போயிட்டாரு.”

இருளாயி தலையை ஆட்டினாள். சாவிக்கொத்துக் குலுங்கியது. கதவு துருப்பிடித்துப் போய்த் திறக்க மாட்டேன் என்றது, நாலு ஆள் சேர்ந்து தள்ளினோம். சுபேதார் குண்டு பார்க்கிற கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு, “எனக்க கால் வச்ச எடத்துல மட்டும் கால் வைக்கணும், என்ன?” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். தன் நிலத்துக்குத் தானே விருந்தாளி மாதிரி, ஒவ்வொரு அடியாக, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, நிழல் சுருங்கிச் சுருங்கி, விமானத்துக்கு நேர் கீழே, தலையும் வாலும் இறக்கையுமாக அவள் மண்ணில் படுத்திருந்தது.

அவள் நிழலின் வால்பக்கமாகப் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். மேலே இருந்து பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் என்னவோ விளங்கியிருக்க வேண்டும், கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது.

“போ ராசா,” என்றாள் இருளாயி. “இனிமேப் பட்டு வழி பாத்துப் போ.”

சொல்லிவிட்டு அந்த நிழலின் பின்தொடையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். புழுதி எழுந்தது.

தொழுவில் கல்தூணில் போட்டிருந்த முடிச்சு கோட்டைச்சாமி கை வைக்காமலே நெகிழ்ந்து கழன்றது. மேலே மோட்டார் இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிடித்துக்கொண்டது. விமானம் உடம்பைக் குலுக்கிவிட்டு, வலைக்கயிறு வால் மாதிரி தொங்க, மெதுவாக மேற்கே திரும்பி, ஊருக்கு மேலாக, கண்மாய்க்கு மேலாகப் போயிற்று. ஊர் எழுந்து நின்று குலவை போட்டது. மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன, கோழிகளெல்லாம் பஞ்சாரத்திலிருந்து வெளியே வந்து என்ன என்று பார்த்தன.

சரோசா அதை அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருளாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிழல் போன இடத்தில் வெயில் விழுந்தது. இருளாயி உடனே எழுந்து வரவில்லை. சுபேதார் கருவியை வைத்துத் தடவித் தடவி இன்னும் கொஞ்ச தூரம் கிழக்கே கூட்டிக்கொண்டு போனார். கொடி படர்ந்திருந்த ஒரு இடத்தில் அவள் மண்டியிட்டாள், கொடியை விலக்கினாள். செருப்பை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கிழக்கே பார்த்துக் கிடந்த அந்த ஒற்றைச் செருப்பை ரெண்டு கையாலும் தூக்கி, மண்ணைத் தட்டி, திருப்பி, மேற்கே ஊரைப் பார்த்து வைத்தாள்.

காற்று அப்போது எங்கள் பக்கம் இல்லை, இருந்தாலும் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“வா,” என்றாள்.

பிறகு செருப்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த அடியிலேயே அடி வைத்துத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, அவள் துடைக்கவில்லை. அவளுக்கு முன்னால் வந்த சுபேதார் கதவைத் தாண்டி ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டார். அவள் வெளியே வந்தாள், சரோசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைச் சாத்த வேண்டியதுதான். சங்கு ரெண்டாம் தரம் ஊதிவிட்டது. ஆனால் சுபேதார் சாத்தவில்லை. தொப்பியைக் கக்கத்தில் வைத்தபடி, பின்னால் இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது, மெதுவாக வரட்டும் என்கிற மாதிரி, கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.